ஐந்து பேருக்கு மேல் செல்லாது

பேருந்து நிலையத்தின் மூன்றாவது ஜன்னலுக்குப் பின்னால் இருபத்தாறு வருடமாக உட்கார்ந்திருப்பவளை ஊரே பாஸ் அக்கா என்றுதான் கூப்பிடும். மாதப் பாஸ், மாணவர் பாஸ், முதியோர் பாஸ், எதுவானாலும் அவள் கைபட்டுத்தான் வெளியே போக வேண்டும். ஜன்னல் கண்ணாடியில் அரைவட்டமாக ஓர் ஓட்டை. மனுவை நீட்டுகிறவர் கை அந்த ஓட்டைக்குள் முழுசாக வருவதற்கு முன்பே, அதில் என்ன குறை என்று அவளுக்குத் தெரிந்துவிடும்.

"ஒரு காது தெரியல."

தையல்கடைக்காரி தன் ஃபோட்டோவைத் தானே குனிந்து பார்த்தாள். "முடி மறைச்சிருச்சுக்கா. இன்னொரு காது இந்தா இருக்கு பாருங்க, நேர்லயே."

"நேர்ல இருக்கிறத நான் ஒட்ட முடியாது. ரெண்டு காதும் தெரியணும்னு ரூல். அடுத்த ஆள் வாங்க."

தையல்கடைக்காரி திரும்பிப் போவது இது மூன்றாவது தடவை. முதல் தடவை மையின் நிறம் தப்பு. இரண்டாவது தடவை கையெழுத்து கட்டத்தைத் தாண்டி ஒரு நூல் அளவு வெளியே வந்துவிட்டது. பாஸ் அக்காவுக்கு அவள் மேல் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. இருந்திருந்தால் நல்லது, கெஞ்சியாவது மாற்றியிருக்கலாம்.

ரூலுக்கு அடுத்தபடி அவள் நம்பியது மேஜையோரம் இருந்த லாமினேஷன் இயந்திரத்தைத்தான். காலையில் வந்ததும் அதைச் சூடேற்றிவிட்டுத்தான் கைப்பையைக் கீழே வைப்பாள். பாஸை இரண்டு பிளாஸ்டிக் தாளுக்கு நடுவே வைத்து உருளைக்குள் விட்டால், மறுபக்கம் வெதுவெதுப்பாக, பளபளவென்று, விறைப்பாக வெளியே வரும். நாலு ஓரத்தையும் ஒரே அளவாக வெட்டிக் கொடுப்பாள். லாமினேட் ஆகாத பாஸ் அவள் கண்ணுக்கு முகம் கழுவாமல் வாசலுக்கு வந்த பிள்ளை மாதிரி.

அவளுக்கும் ஒரு பாஸ் உண்டு. ஊழியர் இலவசப் பாஸ். வீட்டு நிறுத்தத்தில் ஏறிப் பேருந்து நிலையத்தில் இறங்கலாம், பேருந்து நிலையத்தில் ஏறி வீட்டு நிறுத்தத்தில் இறங்கலாம். மொத்தம் பதினோரு நிறுத்தம். பேருந்து அதற்கு அப்பாலும் போகும். பன்னிரண்டாவது நிறுத்தத்தில் ஒரு பெட்ரோல் பங்க் இருப்பதாகக் கேள்வி. ஊருக்கெல்லாம் பாஸ் கொடுத்தவள் அதைப் பார்த்ததில்லை.

வீடு தம்பியுடையது. தம்பிக்கு டைல்ஸ் கடை. அவன், அவன் மனைவி, வேலை தேடிக்கொண்டிருப்பதாகச் சொல்லிக்கொள்ளும் மகன், கல்லூரியில் படிக்கும் மகள். பாஸ் அக்காவின் அறை பின்பக்கம், வாஷிங் மெஷினுக்கு ஒட்டின மாதிரி. மெஷின் சுற்றும்போது கட்டிலும் சேர்ந்து அரை அடி நகரும். ஐம்பத்து மூன்று வயதுவரை அவள் போன சுற்றுலா அவ்வளவுதான்.

அதனால்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி அந்த வார்த்தையைச் சொன்னபோது அவள் கையில் இருந்த தட்டு அப்படியே நின்றது.

"வெளிநாடு போறோம்க்கா. அஞ்சு ஊரு, பதினாலு நாளு. எல்லாம் ரயில்லயே போயிடலாம்னு சொல்றாங்க. ஆனா அங்க பாஸு, கார்டுன்னு ஆயிரம் தினுசாம். நீதான் பார்த்துச் சொல்லணும். உனக்குத்தான் இதெல்லாம் தண்ணி பட்ட பாடு ஆச்சே."

"யாரு யாரு போறீங்க?"

"என்னக்கா கேள்வி இது. நாம அஞ்சு பேரும்தான்."

நாம. அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அவள் எட்டு மாதம் வாழ்ந்தாள்.

முதலில் பாஸ்போர்ட் எடுத்தாள். ஃபோட்டோவில் இரண்டு காதும் துல்லியமாகத் தெரிந்தன. பிறகு லீவுக்கு எழுதிக் கொடுத்தாள். கிளை மேலாளர் மனுவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "யாருக்காவது உடம்பு சரியில்லையாம்மா?"

"இல்ல சார். ஊர் சுத்தப் போறேன்."

அவர் அதில் அவசரமாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார், புத்தி கலங்கினவர்களிடம் பேச்சை வளர்க்கக் கூடாது என்பதுபோல.

அப்புறம் படிப்பு. இருநூறு பக்க நோட்டு ஒன்று, அது தீர்ந்து இன்னொன்று. அந்த நாட்டு ரயில் பாஸ்களை அவள் கரைத்துக் குடித்தாள். தொடர்ந்து பதினைந்து நாளும் செல்லுகிற பாஸ் ஒன்று. அது சோம்பேறிகளுக்கு, ஏனென்றால் ஊருக்குள் சுற்றுகிற நாளும் வீணாகும். எட்டு நாளை நாமே பொறுக்கிக்கொள்ளும் பாஸ் ஒன்று. அதுதான் புத்திசாலிகளுக்கு. ரயிலில் ஏறுவதற்கு முன்னால் அன்றைய தேதியைக் கட்டத்துக்குள் பேனாவால் எழுத வேண்டும், அவ்வளவுதான். ஊருக்குள் டிராமுக்கும் மெட்ரோவுக்கும் வேறு கார்டு. முதல் ஊர்க் கார்டை மூன்றாவது ஊரில் நீட்டினால் கதவு திறக்காது. ஏறும்போது மட்டுமில்லை, இறங்கும்போதும் கார்டைத் தொட வேண்டும். மறந்தால் கடைசி நிலையம் வரைக்கும் கட்டணம் பிடித்துக்கொள்ளும். ஊரை விட்டுக் கிளம்பும்போது கார்டை மெஷினில் திருப்பிப் போட்டால் முன்பணம் வரும்.

இதையெல்லாம் சாப்பாட்டு மேஜையில் அவள் சொல்லும்போது யாரும் காதில் வாங்கவில்லை.

"அத்தை தூக்கத்துல பிளாட்ஃபாரம் நம்பர் சொல்றாங்கப்பா," என்றாள் மகள்.

"பேசாம நீங்க அந்த ரயில்வேக்கே வேலைக்குப் போயிடுங்க அத்தை," என்றான் மகன். "அங்க இருக்கறவனுக்கே இவ்வளவு தெரியாது."

"அண்ணி சொல்றதக் கேட்டா போயிட்டு வந்த களைப்பே வந்துடுது," என்றாள் தம்பி மனைவி, கொட்டாவியைக் கையால் மூடிக்கொண்டு.

எட்டாவது மாதத்தில் அவள் ஐவர் பாஸைக் கண்டுபிடித்தாள். ஒரே தாள், ஐந்து பெயர். ஐந்து பேரும் சேர்ந்தே பயணம் செய்தால், தனித்தனியாக எடுப்பதில் பாதிக்கும் கீழே. மாதிரிப் படிவத்தை அச்சடித்து, ஐந்து கட்டத்திலும் பென்சிலால் பெயர் எழுதிப் பார்த்தாள். ஐந்தாவது கட்டத்தில் தன் பெயர். யாரோ முன்கூட்டியே இந்த வீட்டை எண்ணிப் பார்த்துவிட்டுப் போட்ட ரூல் மாதிரி இருந்தது அவளுக்கு. கூடவே இருந்த பதினேழு நிபந்தனைகளையும் எழுத்து விடாமல் படித்தாள். முக்கியமானவற்றுக்குச் சிவப்புக் கோடு போட்டாள். மூன்றாவது நிபந்தனைக்கு ஒரு கோடு. பதினாலாவதற்கு இரண்டு.

சந்தோஷத்தில் அன்றைக்குத் தம்பியிடம் சொன்னாள். தம்பி மாமனார் வீட்டில் சொன்னான். மறுவாரமே தம்பி மனைவியின் தம்பி வந்து சோபாவில் உட்கார்ந்தான்.

அவனுக்குக் கேமரா என்று பெயர். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை எதையாவது படம் பிடிக்காவிட்டால் அவனுக்குக் கை நடுங்கும்.

"அத்தான், என்னையும் சேத்துக்கங்க. அவ்ளோ தூரம் போறீங்க, ஃபோட்டோ எடுக்க ஒரு ஆள் வேணாமா?"

"மாமா வந்தா செம ஜாலிப்பா," என்றாள் மகள்.

"வரட்டுமே," என்றாள் தம்பி மனைவி. "ஆறு பேரா போனா கூட்டமா நல்லாத்தான் இருக்கும்."

அந்த அறையில் மூன்றாவது நிபந்தனை தெரிந்தவள் பாஸ் அக்கா ஒருத்திதான். மேஜை மேல் நோட்டு மூடியிருந்தது. கை மட்டும் அதன் மேல் இருந்தது.

மகன்தான் கேட்டான். "அத்தை, அந்த அஞ்சு பேர் பாஸ்ல ஆறு பேர் போலாமா? எங்க, அந்த ரூலைப் படிங்க."

வேறு யாராவது என்றால் பூசி மெழுகியிருப்பார்கள். பார்த்துச் சொல்கிறேன் என்றிருப்பார்கள். இருபத்தாறு வருடமாக ரூலைக் கேட்டவர்களுக்கு ரூலைச் சொன்னவளுக்கு அந்த வித்தை வரவில்லை. நோட்டைத் திறந்து, ஜன்னல் குரலில் படித்தாள்.

"மூன்றாவது நிபந்தனை. ஐந்து பேருக்கு மேல் செல்லாது. ஆறாவது நபர் தனி நபர் பாஸ் எடுக்க வேண்டும்."

"அது எவ்ளோக்கா?"

"கிட்டத்தட்ட ஐவர் பாஸ்ல பாதி."

"ஒரே ஆளுக்கா?"

எல்லோரும் பாஸ் அக்காவைப் பார்த்தார்கள். அந்தப் பார்வை அவளுக்குப் புதுசில்லை. மனுவில் குறை தேடும்போது அவள் பார்க்கிற பார்வைதான்.

"அண்ணிக்கு முட்டிவலி வேற," என்று ஆரம்பித்தாள் தம்பி மனைவி. "அங்க ஸ்டேஷன்லாம் ஒரே படிக்கட்டாம்."

"எனக்கு முட்டிவலி இல்லியே."

"இல்லன்னு சொல்றீங்க. நடக்கும்போது தெரியுதுல்ல."

"அத்தைக்குக் குளிர் ஒத்துக்காதும்மா," என்றாள் மகள். "போன வருஷம் மழைல நனைஞ்சு ரெண்டு நாள் தும்மினாங்க."

"அக்காவுக்கு லீவும் கிடைக்காதே," என்றான் கேமரா, மிகுந்த வருத்தத்தோடு.

"லீவு சாங்ஷன் ஆயிடுச்சு."

"கேன்சல் பண்ணிக்கலாம்ல? கொடுக்கறதுதான் கஷ்டம், கேன்சல்னா உடனே பண்ணிடுவாங்க."

பாஸ் அக்கா தம்பியைப் பார்த்தாள். "ஆறாவது ஆள் பாஸை நான் என் காசுல எடுத்துக்கறேன்."

தம்பி மென்மையாகச் சிரித்தான். "உன் காசு என்னக்கா உன் காசு. எல்லாம் வீட்டுக் காசுதானே." அவள் சம்பளம் ஒன்றாம் தேதி டைல்ஸ் கடைக் கணக்குக்குப் போவது அந்த வீட்டில் ஒரு வழக்கம், கேள்வி கேட்காத அளவுக்குப் பழைய வழக்கம். "நீ வரவேணாம்னு யாராவது சொன்னாங்களா? யாரும் சொல்லல. நீயே யோசி. உனக்கே புரியும்."

அவள் யோசித்தாள். அவர்கள் காத்திருந்தார்கள். கேமரா அந்த நேரத்தில் சீலிங் ஃபேனைப் படம் எடுத்தான்.

"சரி," என்றாள் பாஸ் அக்கா. "நீங்க போயிட்டு வாங்க."

"பார்த்தியா, அக்காவே சொல்லிடுச்சு," என்றான் தம்பி, பெரிய பாரம் இறங்கினவனாக. "பிளான் நோட்டு மட்டும் குடுத்துடுக்கா. அப்புறம் பாஸ் வந்ததும் பேரெல்லாம் நீயே எழுதிடு. உன் கையெழுத்துதான் அச்சு மாதிரி இருக்கும்."

மாதிரிப் படிவத்தின் ஐந்தாவது கட்டத்தில் இருந்த பென்சில் பெயரை அவள் ரப்பரால் அழித்தாள். பென்சிலால் எழுதியது நல்லதாகப் போயிற்று என்றாள் தம்பி மனைவி.

பாஸ் கூரியரில் வந்தது. வெளிர்ப் பச்சைத் தாள், தடிமனாக, தொட்டால் துணி மாதிரி. அதை அவள் அலுவலகத்துக்கு எடுத்துப் போனாள். மதியம் ஜன்னலை மூடிவிட்டு, ஐந்து பெயர்களையும் கறுப்பு மையில் எழுதினாள். ஐந்தாவது கட்டத்தில் கேமராவின் பெயர். மை காய்கிறவரை காத்திருந்தாள். தேதி எழுத வேண்டிய எட்டுக் கட்டங்களும் காலியாக இருந்தன.

பிறகு நிபந்தனைத் தாளை எடுத்து, இரண்டு சிவப்புக் கோடு போட்ட பதினாலாவதை இன்னொரு தடவை படித்தாள். பாஸின் மேல் எந்த உறையும் ஒட்டக் கூடாது. ஒட்டினால் செல்லாது. வைத்திருப்பவர்கள் பாஸ் இல்லாமல் பயணம் செய்தவர்களாகக் கருதப்படுவார்கள்.

லாமினேஷன் இயந்திரத்தின் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவள் பாஸை இரண்டு பிளாஸ்டிக் தாளுக்கு நடுவே நேராக வைத்து உருளைக்குள் விட்டாள். மறுபக்கம் வெதுவெதுப்பாக, பளபளவென்று, விறைப்பாக வந்தது. ஒரு குமிழிகூட இல்லை. நாலு ஓரத்தையும் ஒரே அளவாக வெட்டினாள். நிபந்தனைத் தாளை மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

வீட்டில் எல்லோரும் அதைக் கை மாற்றிக் கை மாற்றிப் பார்த்தார்கள்.

"மழைல நனைஞ்சாலும் ஒண்ணும் ஆகாது," என்றான் தம்பி. "இதுக்குத்தான் வீட்ல ஒரு விஷயம் தெரிஞ்ச ஆள் வேணும்."

அவர்கள் கிளம்பிப் போன மூன்றாம் நாள், பகல் பதினொரு மணி. ஜன்னலுக்கு வெளியே தையல்கடைக்காரி நின்றாள். இந்த முறை முடியை இழுத்துக் கட்டி, இரண்டு காதும் யானைக் காதாகத் தெரிகிற ஃபோட்டோ. பாஸ் அக்கா அதில் பசை தடவிக்கொண்டிருக்கும்போது ஃபோன் அடித்தது. தம்பி மகன். அங்கே அப்போது காலை நேரம்.

"அத்தை, இந்த பாஸ்ல பேனா எழுத மாட்டேங்குது. வழுக்கிட்டுப் போகுது. தேதி எப்படி எழுதறது?"

"எழுத முடியாது."

"மார்க்கர்ல எழுதினேன். கை பட்டதும் அழிஞ்சு போச்சு. இங்க டிக்கெட் செக் பண்றவர் வந்து நிக்கறாரு. பாஸைத் தட்டித் தட்டிப் பாக்கறாரு. ஏன் பிளாஸ்டிக் ஒட்டுனீங்கன்னு கேக்கறாரு. என்ன சொல்றது?"

ஃபோனைத் தம்பி பிடுங்குகிற சத்தம் கேட்டது. "அக்கா, இந்தாளு அஞ்சு பேருக்கும் அபராதம் போடறான்க்கா. அடுத்த ஸ்டேஷன்ல இறங்கச் சொல்றான். புதுப் பாஸ்தான், காசு குடுத்து வாங்கினது, பேரெல்லாம் இருக்குன்னு சொன்னா மண்டைய ஆட்டறான். நீ ஏதாவது சொல்லேன். உனக்குத்தான் ரூல் தெரியுமே."

"உறை ஒட்டினா செல்லாது. ரூல் அப்படித்தான்."

"செல்லாதுன்னா? நாங்க குடும்பத்தோட வந்திருக்கோம்."

"நேர்ல நிக்கறத வெச்சு அவரு ஒண்ணும் பண்ண முடியாது. இறங்கிடுங்க. பின்னாடி ஆளுங்க நிக்கறாங்க, நான் வெக்கறேன்."

ஃபோனை வைத்துவிட்டு, தையல்கடைக்காரியின் பாஸை உருளைக்குள் விட்டாள். தையல்கடைக்காரி ஓட்டை வழியாக அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வீட்டு ஆளுங்களாக்கா?"

"ஆமா."

"அவங்களுக்கும் இதே ரூல்தானா?"

"எல்லாருக்கும் இதே ரூல்தான்," என்றாள் பாஸ் அக்கா, வெதுவெதுப்பான பாஸை நீட்டியபடி. இருபத்தாறு வருடத்தில் அந்த ஜன்னலுக்குப் பின்னால் அவள் அவ்வளவு நிமிர்ந்து உட்கார்ந்ததில்லை. தையல்கடைக்காரிகூட ஒரு நிமிஷம் கும்பிடுவதா வேண்டாமா என்று தயங்கிவிட்டுத்தான் போனாள்.

அடுத்த பதினோரு நாளும் அவள் காத்திருந்தாள். வருவார்கள், கத்துவார்கள், ஏன் செய்தாய் என்று கேட்பார்கள். கேட்டால் சொல்வதற்குப் பதில் தயாராக இருந்தது. பேருந்தில் அதைச் சொல்லிப் பார்த்தாள். அறையில் வாஷிங் மெஷின் சத்தத்துக்கு மேல் சொல்லிப் பார்த்தாள். எட்டு மாதப் படிப்பை விட இந்தப் பதிலுக்கு அவள் அதிகம் உழைத்தாள்.

வந்தார்கள். வெயிலில் சிவந்து, ஆளுக்கு ஒரு சுற்றுப் பருத்து, சிரித்துக்கொண்டே வந்தார்கள்.

"இறக்கி விட்டான்ல, அதுதான்க்கா எங்களுக்கு நல்ல காலம்," என்றான் தம்பி. "பேரு வாயில நுழையாத ஸ்டேஷன். மழை. என்னடா பண்றதுன்னு நின்னா, மச்சான் போய் ஒரு வேன்காரரப் புடிச்சுட்டான். பத்து நாளும் அந்த வேன்தான். நினைச்ச இடத்துல நிறுத்தினோம். மலை என்ன, ஏரி என்ன. ரயில்ல போயிருந்தா இதுல ஒண்ணக்கூடப் பார்த்திருக்க மாட்டோம்."

"அந்த ஆளு பாஸைப் புடிச்சுக்கிட்டு முழிச்சதத்தான் பார்க்கணும்," என்று கேமரா ஃபோனை நீட்டினான். படத்தில் சீருடைக்காரர் ஒருவர் பளபளக்கும் பச்சைத் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்திருந்தார். பின்னால் ஐந்து பேரில் நாலு பேர் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஐந்தாவது ஆள்தான் படம் எடுத்தவன்.

"பாவம் அண்ணி," என்றாள் தம்பி மனைவி. "ஆசை ஆசையா லாமினேட் பண்ணிக் குடுத்தாங்க. அவங்களுக்கு என்ன தெரியும்."

பாஸ் அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. "தெரியும்," என்றாள்.

"என்ன தெரியும்?"

"ஒட்டினா செல்லாதுன்னு தெரியும். தெரிஞ்சுதான் ஒட்டினேன்."

முதலில் மகள் சிரித்தாள், அப்புறம் எல்லோரும்.

"அத்தை ஜோக்கெல்லாம் அடிக்கறாங்கப்பா."

"விடுக்கா," என்றான் தம்பி, அவள் தோளைத் தட்டி. "தெரியாம நடந்துபோச்சு. நாங்க யாராவது உன்னக் கோவிச்சுக்கிட்டோமா? நீ போய் அப்படியெல்லாம் பண்ணுவியா? உனக்கு அவ்ளோ சாமர்த்தியம் ஏது?"

அவள் கைப்பையிலிருந்து நிபந்தனைத் தாளை எடுத்து மேஜையில் விரித்தாள். இரண்டு சிவப்புக் கோடு. பக்கத்தில் அவள் கையெழுத்தில் தேதி, நாலு மாதத்துக்கு முந்தின தேதி. யாரும் குனிந்து பார்க்கவில்லை. தம்பி மனைவி ஊரிலிருந்து வாங்கி வந்த சாக்லேட் டப்பாவைத் திறந்து, மேஜை ஈரமாக இருக்குமே என்று அதை அந்தத் தாளின் மேல் வைத்தாள்.

"மறந்துட்டேன் பாருங்க அண்ணி, உங்களுக்குன்னு எடுத்துட்டு வந்தோம்." அவள் நீட்டியது ஐவர் பாஸ். இனி செல்லாது என்று நடுவில் பெரிதாக ஓட்டை போட்டிருந்தது. கூடவே இரண்டு ஊர்களின் பயணக் கார்டுகள். "உங்களுக்குத்தான் இதெல்லாம் பிடிக்குமே. கார்டுல கொஞ்சம் காசுகூட மிச்சம் இருக்கு. நீங்க எப்பவாவது போனா உபயோகப்படும்."

"கிளம்பும்போது மெஷின்ல போட்டிருந்தா முன்பணம் திரும்பி வந்திருக்கும்," என்றாள் பாஸ் அக்கா.

"அப்படியா? சொல்லவே இல்லியே நீங்க."

மறுநாள் காலை பேருந்தில், எப்போதும் உட்காரும் இடத்தில் உட்கார்ந்திருந்தாள். நடத்துநர் பக்கத்தில் வந்ததும் கைப்பையில் கைவிட்டாள். ஊழியர் பாஸ் ஒரு பக்கம் இருந்தது. அவள் எடுத்தது மற்றதை. ஓட்டை விழுந்த, பச்சை நிற, வேற்று நாட்டு ஐவர் பாஸை அவர் முகத்துக்கு நேராக உயர்த்திக் காட்டினாள். அவர் பார்க்க வேண்டும் என்று ஒரு கணம் ஆசைப்பட்டாள். பார்த்து, திட்டி, கீழே இறக்கிவிட வேண்டும் என்று.

"இருக்கட்டும்க்கா," என்று நடத்துநர் பார்க்காமலே நகர்ந்துபோனார்.

பதினோராவது நிறுத்தத்தில் இறங்கினாள். இயந்திரத்தைச் சூடேற்றினாள். ஜன்னலைத் திறந்தாள். முதல் ஆள் ஒரு பெரியவர், முதியோர் பாஸுக்கு. மை சரியாக இருந்தது. கையெழுத்து கட்டத்துக்குள் இருந்தது. இரண்டு காதும் தெரிந்தன. அவள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, முந்தானையில் துடைத்து, திரும்பப் போட்டுக்கொண்டு, இன்னொரு முறை நிதானமாகப் பார்த்தாள்.

"சட்டை மேல் பட்டன் போடல," என்றாள். "அடுத்த ஆள் வாங்க."